எல்.எல்.ஆர். வாங்கியாச்சு, வண்டி ஓட்டக் கத்துக்கிட்டாச்சா?



முழுப்பரீட்சை லீவு உட்டதும் நம்ம பக்கத்துல ரெண்டு விசயம் தவறாம நடக்கும். ஒண்ணு, மாரியம்மன் நோம்பி. இன்னொண்ணு, மீசை மொளைக்காத பசங்க எல்லாம் அப்பன் வண்டிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வர்றது. நோம்பி வருசத்துக்கு ஒருக்காத்தான். ரெண்டாவது இப்பெல்லாம் வருசம் பூராவும் நடக்குது.

"பையன் இப்பவே டிராக்டர ரிவர்ஸ் எடுக்கறானுங்க"ன்னு டீக்கடையில பெருமை பேசற அப்பாமார்களுக்கும், பதினெட்டு முடிஞ்ச மறுநாளே எல்.எல்.ஆர். போட்டு அன்னிக்குப் பொழுதோட தனியா ஹைவேஸ்ல ஏறுற தம்பி தங்கச்சிகளுக்கும், எட்டுப் போட வெச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கற டிரைவிங் ஸ்கூல்காரங்களுக்கும் சேத்துத்தான் இந்தப் பதிவு. கோவம் வந்தா வரட்டும். முழுசாப் படிச்சுட்டுக் கோவப்படுங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதானுங்க. எல்.எல்.ஆர். என்பது வண்டி ஓட்ட அனுமதி இல்லை. வண்டி ஓட்டக் கத்துக்க அனுமதி. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழிச்சுத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும்னு விதி வெச்சிருக்கறாங்க. அந்தக் காகிதம் ஆறு மாசம் செல்லும். அந்த முப்பது நாள் எதுக்குன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கறீங்களா? ஆபீஸ்காரங்க ஃபைல் தள்ளறதுக்கு இல்லீங்க. நாம கத்துக்கறதுக்கு. வெள்ளாமைக்கு உழவு மாதிரி. உழவு ஓட்டாம வெதைச்சா என்ன வெளையும்? ஆனா அந்த ஒரு மாசத்தை அப்பன், மகன், டிரைவிங் ஸ்கூல், அரசாங்கம்னு ஆளாளுக்குத் திருடிட்டிருக்கறாங்க.

சட்டத்துல என்ன எழுதியிருக்குது?

1989-ஆம் வருசத்து மத்திய மோட்டார் வாகன விதியில மூணாவது விதியைப் படிச்சுப் பாருங்க. எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவர் வண்டி ஓட்டும்போது, லைசென்ஸ் இருக்கற ஒருத்தர் கூடவே இருக்கணும். சும்மா கூட இருந்தாப் பத்தாது, வண்டிய நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியற இடத்துல உக்காந்திருக்கணும். முன்னாடியும் பின்னாடியும் 18 சென்டிமீட்டர் சதுரத்துல வெள்ளைப் பின்னணியில சிவப்பு 'எல்' இருக்கணும். மோட்டார் சைக்கிள்ன்னா, சொல்லிக்குடுக்கற ஆளைத் தவிர வேற ஒருத்தரையும் பின்னாடி ஏத்தக்கூடாது.

இப்ப நம்ம ஊர் நடப்பைப் பாருங்க. எல்.எல்.ஆர். வந்த அன்னைக்கே பின்னாடி ரெண்டு சிநேகிதனை ஏத்திக்கிட்டு அவினாசிக்குப் படம் பாக்கப் போறான். 'எல்' போர்டு எங்க தம்பின்னு கேட்டா, "அதெல்லாம் காருக்குத்தானுங்க மாமா"ங்கறான். போலீஸ் புடிச்சா எல்.எல்.ஆர். காகிதத்தை நீட்டுனா ஆச்சுன்னு வீட்டுலயே சொல்லிக்குடுத்து அனுப்பறாங்க. கத்துக்கறதுக்குக் குடுத்த சீட்டை, தப்பிக்கறதுக்கு வெச்சிருக்கறாங்க.

அந்தச் சீட்டு வாங்கறதும் இப்ப ரொம்பச் சுலபமாயிருச்சு. ஆதார் இருந்தா ஆன்லைன்லயே முடிச்சுக்கலாம். 2024-ல இருந்து இ-சேவை மையத்துலயே எல்.எல்.ஆருக்குப் போட்டுக்கலாம்னு அரசாங்கம் வழி பண்ணியிருக்குது. நல்லதுதான், ஒரு நாள் கூலியை உட்டுப்போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்க வேண்டியதில்லை. ஆனா அந்தப் பரீட்சைல என்ன கேக்கறாங்க? ரோட்டுக் குறியீடு, விபத்து நடந்தா டிரைவரோட கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டுல என்ன பண்ணணும், வண்டியில என்னென்ன காகிதம் இருக்கணும். எல்லாமே உசுரு காக்கற விசயம். அதைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற பிரவுசிங் சென்டர் பையன் 'டக் டக்'னு தட்டி விட்டுடறான். கத்துக்கப் போறவரு பக்கத்துல நின்னு போன் நோண்டிக்கிட்டு இருக்கறாரு. பாஸாகறது யாருங்க? பிரவுசிங் சென்டர் பையன்தான். அவன் எத்தனை ஆயிரம் தடவை பாஸாகியிருப்பானோ!

அப்பன் குடுக்கற சாவி

பதினெட்டு வயசு ஆகாத பசங்க கதைக்கு வருவோம். "பதினாறு வயசுலயே லைசென்ஸ் குடுக்கறாங்கல்ல"ன்னு சில பேர் சட்டம் பேசறாங்க. குடுக்கறாங்க. எந்த வண்டிக்குன்னு பாருங்க: கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேல போகாத வண்டிக்கு. அப்படி ஒரு வண்டிய இன்னைக்கு எந்த ஷோரூம்ல வாங்குவீங்க? நாம புல்லுக்கட்டும் பால் கேனும் ஏத்திக்கிட்டுப் போற எக்ஸெல் 100-ஏ 99 சி.சி.க்கு மேல. ஆக்டிவா அதையும் தாண்டுது. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள ஓடற சின்ன பேட்டரி வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆக, பதினெட்டு ஆகாத பையன் கையில இருக்கற வண்டி கிட்டத்தட்ட எல்லாமே சட்டத்துக்கு வெளியதான்.

2019-ல சட்டத்தைத் திருத்தி 199ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தா, அப்பா அம்மாவோ வண்டி ஓனரோதான் குற்றவாளி. மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியோட பதிவு பன்னெண்டு மாசத்துக்கு ரத்து. அது மட்டுமில்லை, அந்தப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு ஆகற வரைக்கும் எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. பதினஞ்சு வயசுல ஒரு நாள் பெருமைக்காக ஓட்டுனவன், காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வயசுல வண்டியில்லாம நிக்கணும். திருப்பூர்ல ஷிப்ட்டு வேலைக்குப் போறவனுக்கு லைசென்ஸ் இல்லீன்னா என்ன கதின்னு உங்களுக்கே தெரியும்.

2024 மே மாசம் பூனாவுல நடந்தது ஞாவகம் இருக்குதா? பதினேழு வயசுப் பையன் ஓட்டுன சொகுசுக் கார் மோதி, ஐ.டி. வேலை பாத்த ரெண்டு இளவட்டங்க செத்தாங்க. 300 வார்த்தையில கட்டுரை எழுதுன்னு சொல்லி அந்தப் பையனுக்கு ஜாமீன் குடுத்தாங்க. நாடே கொதிச்சுது. நம்ம டீக்கடையிலயும் கொதிச்சாங்க. "பணக்காரன் புள்ளைன்னா ஒரு சட்டமா"ன்னு நாயம் கேட்டாங்க. கேட்டுட்டு வெளிய வந்து, வாசல்ல நின்னுட்டிருந்த ஒம்பதாவது படிக்கற மகன்கிட்ட வண்டிச் சாவியக் குடுத்து, "மெதுவாப் போ கண்ணு"ன்னு அனுப்புனாங்க. அந்தக் காருக்கும் நம்ம வண்டிக்கும் வெலையிலதான் வித்தியாசம்.

சாவியோட சேத்துக் குடுக்கறது காட்டுப் பத்திரம்

விவசாயிக்கு ஜெயில், அபராதம்னு சொன்னா ஏறாது. "பாத்துக்கலாம்"ம்பாங்க. அதனால காட்டுக் கணக்குல சொல்றேன்.

உங்க பையன் லைசென்ஸ் இல்லாம ஓட்டிப் போயி, ரோட்டுல நடந்து போற ஒருத்தரை அடிச்சுட்டான்னு வையுங்க. அந்தக் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குது, கம்பெனி கட்டிரும்னுதான் நினைப்பீங்க. கட்டும். ஆனா லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்ட வண்டியக் குடுத்திருந்தா, கட்டுன காசை வண்டி ஓனர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கச் சொல்லித் தீர்ப்பு வரும். அடிபட்டவரு மாசம் இருபதாயிரம் சம்பாதிக்கற டெய்லரா, ரெண்டு புள்ளைக்குத் தகப்பனா இருந்தா அந்தத் தொகை எத்தனை லட்சம்னு வக்கீலைக் கேட்டுப் பாருங்க. அதை எங்க இருந்து கட்டுவீங்க? மாட்டை வித்தா? தேங்காய் வித்தா? கடைசியில தாத்தன் வெச்சுட்டுப் போன ரெண்டு ஏக்கரா மேலதான் வந்து நிக்கும். நொய்யல் தண்ணி கெட்டப்பவும் விக்காத காட்டை, ஒரு வண்டிச் சாவிக்குக் குடுக்கணுமா?

இதே இடத்துல இன்னொரு விசயமும் தெரிஞ்சுக்குங்க. 2004-ல ஸ்வரண் சிங் வழக்குல, எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவரும் முறையான லைசென்ஸ் வெச்சிருக்கறவர்தான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. எல்.எல்.ஆர்.தானேன்னு சாக்குச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கழண்டுக்க முடியாது. அந்தச் சாதாரணக் காகிதத்துக்கு அத்தனை மதிப்பு இருக்குது. எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், பரீட்சைக்கு 50 ரூபாய்ன்னு மத்திய விதியில இருக்குது. ஒரு மூட்டை தவிட்டு வெலை கூட இல்லை. அதை வாங்கறதுக்கு ஒரு வருசம் ரெண்டு வருசம் பொறுக்க முடியலைன்னா, வெதை போட்ட மறுநாளே நோண்டிப் பாக்கற வேலைதான் அது.

எட்டுப் போட்டா ஏறிடுமா?

இப்ப டிரைவிங் ஸ்கூல். எல்லாரையும் சொல்லலை. பொறுமையாச் சொல்லிக்குடுக்கற நல்ல ஆளுங்களும் இருக்கறாங்க. ஆனா பெரும்பாலும் என்ன நடக்குதுன்னு கத்துக்கப் போன எல்லாருக்கும் தெரியும்.

விதிப்படி காருக்கு 21 நாளுக்குக் கொறையாமப் பயிற்சி குடுக்கணும். அதுல 10 மணி நேரமாவது ஸ்டீரிங் புடிச்சு ஓட்டியிருக்கணும். எந்த நாள் எத்தனை மணி நேரம் ஓட்டுனாருன்னு படிவம் 15-ன்னு ஒரு ரிஜிஸ்டர்ல எழுதணும். நெசத்துல? ஒரே கார்ல நாலு பேரை ஏத்தி, ஆளுக்குப் பத்து நிமிசம். கிளட்சும் பிரேக்கும் அவரு காலுக்குக் கீழ. கத்துக்கறவரு ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு சவாரி போறாரு, அவ்வளவுதான். ரிஜிஸ்டர்ல மட்டும் மணி நேரம் கரெக்டா இருக்கும். "நீங்க வாங்க, நாங்க பாஸ் பண்ணிக் குடுத்துடறோம்"னுதான் பேச்சே. கத்துக் குடுக்கறோம்னு எத்தனை பேர் சொல்றாங்க?

சரி, டெஸ்ட்டு எப்படி? லைசென்ஸ் டெஸ்ட்டுல என்னெல்லாம் பாக்கணும்னு பதினஞ்சாவது விதியில பெரிய பட்டியலே இருக்குது. கண்ணாடியச் சரி பண்ணறது, மேட்டுல நிறுத்தி எடுக்கறது, முந்தறது, முந்த வழி விடறது, எதிர்ல வர்ற வண்டிக்கு ஒதுங்கறது, அவசரத்துக்கு நிறுத்தறது, நடந்து போறவங்களுக்கு வழி விடறது, குறியீட்டைப் பாத்து நடந்துக்கறது, ரிவர்ஸ் எடுக்கறது. நல்லா யோசிச்சு எழுதுன பட்டியல். ஆனா பைக்குக்குப் பெரும்பாலும் எட்டுப் போட்டாப் போதும். காருக்கு ரெண்டு கியர் மாத்தி, கையைக் காட்டி, நிறுத்திட்டு எறங்குனா முடிஞ்சுது. வெறும் மைதானத்துல எதிர்ல ஒரு கோழிக்குஞ்சு கூட வராத இடத்துல எட்டுப் போட்டவன், மறுநாள் பல்லடம் ரோட்டுல என்ன பண்ணுவான்?

ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல, இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்க 120 மணி நேரம் ஓட்டிப் பழகுனதா நோட்டுல ஏத்திக் காட்டணும். அதுல 20 மணி நேரம் ராத்திரி ஓட்டியிருக்கணும். சிட்னியில இருக்கற ஒறம்பரை இருந்தாக் கேட்டுப் பாருங்க. சிக்னலும் கோடும் ஒழுங்கா இருக்கற ரோட்டுக்கே அவ்வளவு நேரம். நம்ம ரோட்டுக்குப் பத்து மணி நேரம், அதுவும் ரிஜிஸ்டர்ல மட்டும்.

நம்ம ரோடு சாதாரண ரோடு இல்லீங்க

கத்துக்கற புள்ளைங்க இதைக் கவனிச்சுப் படிங்க. திருப்பூர், பல்லடம், காங்கேயம், அவினாசின்னு நம்ம ரோட்டுல என்னென்ன ஓடுதுன்னு ஒரு நாள் வாய்க்கால் பாலத்துமேல உக்காந்து எண்ணிப் பாருங்க. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர். பாவு நூலும் காடாத் துணியும் ஏத்துன டெம்போ. பல்லடத்துக் கோழி லாரி. சாயப்பட்டறைக்குப் போற டேங்கர். காங்கேயத்து நெல்லு லாரி. தாராபுரம், உடுமலைப் பக்கம் காத்தாடி றெக்கை ஏத்திக்கிட்டு ஊர்ந்து வர்ற நீட்டு வண்டி. ஷிப்ட்டு உடற நேரத்துல அத்தனை கம்பெனி வேனும், பைக்கும், சைக்கிள்ல வர்ற வடநாட்டுத் தம்பிகளும். நடுவுல நம்ம எருமை, ஆடு, பின்னாடி லைட்டே இல்லாத நம்ம டிராக்டர் டிரெய்லர்.

ஆமாங்க, நம்ம டிரெய்லரையும் சொல்லித்தான் ஆகணும். சோளத்தட்டு ஏத்திக்கிட்டு இருட்டுல வர்ற டிரெய்லருக்குப் பின்னாடி ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டறதுக்கு ஆகற செலவு, ஒரு டீ வடைக் காசு. அதை ஒட்டாம உட்டுப்போட்டு "பைக்காரன் கண்ணு தெரியாம வந்து இடிச்சுட்டான்"னு சொல்றது நாயமில்லை. டிராக்டர் மட்கார்டுல சின்னப் பசங்களை உக்கார வெச்சு ஓட்டறதும் அப்படித்தான். கீழ ரோட்டவேட்டர் சுத்திக்கிட்டிருக்கும், மேல புள்ளை சிரிச்சுக்கிட்டிருக்கும். அதுக்குப் பேரு கத்துக்குடுக்கறது இல்லை.

2020 பிப்ரவரி 20 விடியக்காலம் அவினாசிகிட்ட நடந்தது மறந்திருக்காது. பெங்களூர்ல இருந்து எர்ணாகுளம் போன கேரளா அரசு பஸ் மேல, நடுத்திட்டைத் தாண்டி வந்த கன்டெய்னர் லாரி மோதி 19 பேர் போயிட்டாங்க. பஸ் அதோட பாதையிலதான் போச்சு. நாம சரியாப் போனாப் போதும்ங்கறது ரோட்டுல செல்லாதுங்க. எதிர்ல வர்றவன் தப்புப் பண்ணுவான்னு எதிர்பாத்து ஓட்டறதுதான் ஓட்டறது. அதை எந்த எட்டும் சொல்லிக்குடுக்காது.

கணக்கு வேணுமா? 2022-ல மட்டும் இந்தியாவுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசே சொல்லுது. அதுல பத்துக்கு நாலு பேருக்கு மேல ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. விபத்து எண்ணிக்கையில தமிழ்நாடுதான் நாட்டுலயே முதலிடம், 64,105 விபத்து. சாவுல உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம, 17,884 பேர். எதெதுலயோ முதலிடம்னு பேனர் வெக்கறோம். இதுக்கு யாரும் வெக்கறதில்லை.

கம்பெனி வேன்

பனியன் கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ல முகுந்த் தேவாங்கன் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் வேனும் ஓட்டலாம், தனியா 'பேட்ஜ்' வேண்டியதில்லைன்னு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து அதையே உறுதி பண்ணிட்டாங்க. குட்டியானை ஓட்டிப் பொழைக்கற எத்தனையோ குடும்பத்துக்கு அது நல்ல தீர்ப்பு. இன்சூரன்ஸ் கம்பெனி சாக்குச் சொல்லித் தப்பிக்கறதும் கொறையும். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை.

ஆனா அதோட மறுபக்கத்தையும் பாருங்க. மைதானத்துல ரெண்டு கியர் மாத்தி லைசென்ஸ் வாங்குனவன், மறுநாளே இருபது பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஊர் ஊரா இறக்கி விடப் போலாம்னு ஆகுது. பேக்கிங்ல இருக்கற ஹெல்பர் பையனைக் கூப்புட்டு "லைசென்ஸ் இருக்குதாடா? நாளைல இருந்து நீ வேன் எடு"ங்கறது பல எடத்துல நடக்கறதுதான். துணியில ஒரு ஊசித் துளை இருந்தாப் பீஸை ஒதுக்கிப் போடறீங்க. ஒவ்வொரு பீஸையும் லைட்டு வெச்சு செக்கிங் பண்றீங்க. உசுரை ஏத்திக்கிட்டுப் போறவனை ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து செக் பண்ணறதுக்கு உங்ககிட்ட ஆள் இல்லையா?

அம்மிணிங்க கத்துக்கறது

நம்ம பக்கம் ஸ்கூட்டி வந்ததுக்கு அப்புறம் பொம்பளைங்க பொழப்பே மாறிருச்சு. கம்பெனிக்கு, பால் சொசைட்டிக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னு யாரையும் எதிர்பாக்காமப் போறாங்க. அதைப் பாத்தா மனசு நெறையுது. ஆனா அவங்களுக்குக் கத்துக்குடுக்கறது யாரு? ஊட்டுக்காரரு. எப்படி? பின்னாடி உக்காந்துக்கிட்டு, "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி, உனக்கெல்லாம் எதுக்கு வண்டி"ன்னு சத்தம் போட்டு. மூணாவது நாள் அந்தம்மா வண்டியே வேண்டாம்னுருது. இல்லீன்னா திட்டு வாங்கறதுக்குத் தனியாவே போயிடறேன்னு அரைகுறையாக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வருது. அப்புறம் அதே ஆளுங்க, "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்"னு கிண்டல் பண்றாங்க. சொல்லிக்குடுக்கத் துப்பில்லாதவங்களுக்குக் கிண்டல் பண்ண மட்டும் வாய் எதுக்கு?

2018-ல வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்துது. வண்டி வெலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் போட லைசென்ஸோ எல்.எல்.ஆரோ வேணும்னாங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுங்க முன்னாடி எல்.எல்.ஆருக்குக் கூட்டம் அலைமோதுச்சு. மானியம் வண்டிக்கு இருந்துது. ஓட்டப் பழக்கி உடறதுக்கு யாரு இருந்தாங்க?

ஆனா இதே தமிழ்நாட்டுலதான் வேற மாதிரியும் ஒண்ணு நடந்திருக்குது. 1990-களோட ஆரம்பத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்தோட சேத்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்களுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்குடுத்தாங்க. கல் உடைக்கற பொம்பளைங்க, கூலிக்குப் போற பொம்பளைங்க எல்லாம் ஊருக்கு நடுவுல, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்குடுத்துக் கத்துக்கிட்டாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பத்தி எழுதி உலகமே படிச்சுது. சைக்கிளுக்கு அன்னைக்கு முடிஞ்சது ஸ்கூட்டருக்கு இன்னைக்கு ஏன் முடியாது? நம்ம மகளிர் குழுவுல ஓட்டத் தெரிஞ்ச பத்துப் பேர் இருக்கறாங்க. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட மைதானம் சும்மா கெடக்குது. ஊட்டுக்காரரு சத்தம் போடாம இருந்தாப் போதும்.

"பஸ் இல்லீங்களே"

இதை மட்டும் நான் தள்ளி உட மாட்டேன். மெய்யாலுமே பஸ் இல்லாத ஊருங்க இருக்குது. காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. டியூசன் முடிச்சு வர்ற புள்ளைக்கு வழி இல்லை. அதுக்குச் சண்டை போட வேண்டிய எடம் போக்குவரத்துக் கழகம். நானும் வர்றேன், மனுக் குடுப்போம். ஆனா அதுக்குப் பதிலா பதினாலு வயசுப் பையன்கிட்ட 110 சி.சி. வண்டியக் குடுக்கறது தீர்வில்லை. பதினொண்ணாவது படிக்கற புள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுக்கற சைக்கிள் எங்க இருக்குதுன்னு உங்க மாட்டுச்சாலைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. காத்து எறங்கி, கோழி ஏறி உக்காந்திருக்கும்.

முப்பது நாள்ல என்ன பண்ணலாம்?

டவுன்காரனுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்குது: எடம். மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸ் கேக்கறது பொது எடத்துக்கு. நம்ம களத்துலயும் கரட்டுக் காட்டுலயும் மோதறதுக்கு ஆள் இல்லை. அந்த எடத்தைப் பதினெட்டு ஆன புள்ளைக்கு ஒழுங்காப் பயன்படுத்துங்க.

முதல் வாரம் களத்துல. வண்டிய எடுக்கறது, நிறுத்தறது, கிளட்ச், ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிக்கறது. மெதுவா ஓட்டக் கத்துக்குங்க. வேகமா எவன் வேண்டுமானாலும் ஓட்டலாம், நடக்கற வேகத்துல கால் ஊணாம ஓட்டறவன்தான் கத்துக்கிட்டவன். எட்டு அப்பத் தானா வந்துரும்.

ரெண்டாவது வாரம் இட்டேரியும் ஊர் ரோடும், விடியக்காலத்துல. இட்டேரித் திருப்பத்துல எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது. ஹாரன் அடிச்சு, வேகம் கொறைச்சுத் திரும்பற பழக்கம் அங்கதான் வரும்.

மூணாவது வாரம் சந்தை ரோடு, பஸ் ஸ்டாண்டு ரோடு. நிக்கற பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து ஆள் ஓடி வருவாங்கன்னு நினைச்சுக்கிட்டே போகணும். கண்ணாடியப் பாக்காமத் திரும்பக்கூடாது.

நாலாவது வாரம் ராத்திரி. எதிர்ல ஹைபீம் போட்டு வர்றவன் கண்ணைக் குருடாக்குவான். அவன் லைட்டைப் பாக்காம ரோட்டோட இடது ஓரத்தைப் பாத்து, வேகம் கொறைச்சுப் போறதுக்குப் பழகணும். ஹைவேஸ் கடைசியில. அதுவும் பக்கத்துல லைசென்ஸ் இருக்கற ஆள் கட்டாயம். ஹெல்மெட்டும் பெல்ட்டும் முதல் நாள்ல இருந்தே.

டெஸ்ட்டுல ஃபெயிலானா வெக்கப்பட வேண்டாம். ஏழு நாள் கழிச்சு மறுபடி போலாம். ஃபெயிலானவனை ஊரு ரெண்டு நாள் சிரிக்கும். கத்துக்காமப் பாஸானவன் வீட்டுல அழுகை வருசக் கணக்குக்கு நிக்கும்.

அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டியது

பக்கத்துல கேரளாவப் பாருங்க. 2024-ல டெஸ்ட்டைக் கடுமையாக்குனாங்க. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல டெஸ்ட்டு இல்லை, மேட்டுல எடுக்கணும், பார்க்கிங் பண்ணிக் காட்டணும்னாங்க. டிரைவிங் ஸ்கூல்காரங்க போராட்டம் பண்ணுனாங்க, அரசாங்கம் கொஞ்சம் எறங்கி வந்துச்சு. ஆனா அதே வருசம் கே.எஸ்.ஆர்.டி.சி.யே சொந்தமா டிரைவிங் ஸ்கூல் தொறந்துருச்சு. கும்மிடிப்பூண்டியில கனரக வண்டிப் பயிற்சி மையம் நடத்தற தமிழ்நாட்டுக்கு, இத்தனை வண்டி ஓடற திருப்பூர்ல ஒரு பயிற்சி மையம் நடத்த முடியாதா?

நான் கேக்கறது மூணுதான். ஒண்ணு, டெஸ்ட்டை மைதானத்தோட நிறுத்தாம ரோட்டுல பத்து நிமிசம் ஓட்டச் சொல்லிப் பாருங்க. விதியிலயே அதுதான் இருக்குது. ரெண்டு, படிவம் 15 ரிஜிஸ்டரை உண்மையாவே சோதனை பண்ணுங்க. மூணு, டி.என். 39-ம் டி.என். 42-ம் ஓடற இந்த மாவட்டத்துல அரசாங்கமே பயிற்சி மையம் தொறந்து, கிராமத்துப் புள்ளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் கொறைஞ்ச காசுல சொல்லிக்குடுங்க.

அதெல்லாம் நடக்கறப்ப நடக்கட்டும். அப்பாமார்களே, உங்ககிட்டக் கேக்கறதுக்கு மனு வேண்டியதில்லை. இன்னைக்குப் பொழுதோட வீட்டுக்குப் போனதும் வண்டிச் சாவிய ஆணியில மாட்டாம உங்க சட்டைப் பையில போட்டுக்குங்க. பையன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான், சோறு திங்க மாட்டேம்பான். ரெண்டு நாள்தான். பதினெட்டு ஆகட்டும், எல்.எல்.ஆர். எடுங்க, முப்பது நாளும் பக்கத்துல நீங்களே உக்காருங்க.

மாத்துக் கருத்து இருக்கறவங்க கீழ எழுதுங்க. "நாங்க எல்லாம் பத்து வயசுலயே ஓட்டுனோம், என்ன ஆயிருச்சு"ன்னு மட்டும் எழுத வேண்டாம். ஆனவங்க யாரும் எழுத வர மாட்டாங்க.